இருதய ஆண்டவருக்கு யார் வீட்டுக் கரண்டு

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. கூடவே ஒரு மெஷினும் போக வேண்டும் என்றார் அவர். அறையில் இருக்கும் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்கில் விடும் மெஷின். இனி அம்மா இருக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்டு நின்றால் மெஷின் நிற்கும், மெஷின் நின்றால் அம்மாவுக்கு மூச்சு முட்டும். நர்ஸ் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்ட கேள்வியும் ஒன்றுதான். உங்கள் வீட்டில் கரண்டு ஒழுங்காக இருக்குமா?

இருக்கும் என்று சொல்லிவிட்டேன். தாராவியில் எங்கள் வீட்டைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்லத் துணிந்திருக்க மாட்டார்கள்.

அந்த வீடு என்னைவிட மூத்தது. கீழே ஓர் அறை, ஓரத்தில் அடுக்களை, இரும்பு ஏணியில் ஏறினால் தலை இடிக்கும் உயரத்தில் ஒரு மாலா, நம் ஊர்ப் பரண் மாதிரி. அப்பா போய் வெகு காலம் ஆகிறது. அவர் காலத்து வயரிங் மட்டும் போகாமல் இருந்தது. மழைக்காலத்தில் ஃபிரிட்ஜைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். அதனால் அம்மா கைப்பிடியில் ஒரு துண்டைக் கட்டி, பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் போட்டு வைத்திருந்தாள். விருந்தாளிக்குத் தண்ணீர் எடுக்கும் முன் செருப்பை மாட்டிக்கொள்ளும் வீடு பம்பாயிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் மாமியார் மருமகள் மாதிரி. ஒன்று பேசினால் மற்றது வாயை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து பேசினால் ஃபியூஸ் போய்விடும்.

மெஷினைக் கொண்டுவந்த ஆள் அதை அறை நடுவில் இறக்கி வைத்தான். பையிலிருந்து மூன்று சின்ன விளக்கு வைத்த ஒரு பிளக்கை எடுத்துச் சுவரில் செருகினான். எரிய வேண்டியது எரியவில்லை, எரியக் கூடாதது எரிந்தது. எர்த்து இல்லை, ட்ரிப் சுவிட்ச் இல்லை, இந்த வீட்டில் மெஷினை வைக்க மாட்டேன் என்று இந்தியில் சொல்லிவிட்டு, இறக்கியதைத் திரும்பத் தூக்கி ஆட்டோவில் வைத்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது இதுதான். டாக்டர் விட்டுவிட்டார், மெஷின்காரன் விடவில்லை.

என் தம்பி டோம்பிவிலியில் இருக்கிறான். அவன் ஃபிளாட்டில் வயரிங் புதிது. அம்மாவை அங்கே கொண்டுபோய்விடலாம் என்றான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அம்மாவிடம் சொன்னோம். அவள் மூக்கிலிருந்த குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"டோம்பிவிலில எனக்கு ஆரட்டி தெரியும்? மூச்சு முட்டுனா ஆரக் கூப்பிட? என் கட்டில்ல கொண்டு போடு, அது போதும்."

அவள் குரலில் அதற்கு மேல் பேசக் காற்று இல்லை. அம்மா கேட்டது அவளுடைய வீட்டையும் கட்டிலையும் மட்டும்தான். அதைக் கொடுக்க முடியாவிட்டால் நான் எதற்கு இருக்கிறேன் என்று தோன்றியது.

வயர்மேன் சீத்தா கேம்பிலிருந்து வந்தார். பூர்வீகம் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். பிறந்து வளர்ந்தது இங்கே என்பதால் வாயைத் திறந்தால் பாதி இந்தி. தன்னைப் பற்றி அவருக்கு மிக நல்ல அபிப்பிராயம் இருந்தது. சுவர்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டென்ஷன் எடுக்காதீங்கக்கா. நான் கை வச்சா லைட்டு எரியும், இல்லன்னா பில்டிங்கே எரியும்" என்று சொல்லி அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை.

வயர்கள் எல்லாம் சுவரோடு ஓடிய மரப்பட்டிக்குள் இருந்தன. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அடித்த பெயின்ட் அதன்மேல் அடுக்கடுக்காகப் படிந்து, பட்டி எது சுவர் எது என்று தெரியாமல் போயிருந்தது. அவர் ஸ்குரூடிரைவரால் நெம்பினார். பச்சை உடைந்து நீலம் தெரிந்தது, நீலம் உடைந்து ரோஸ் தெரிந்தது, கடைசியில் பட்டி வாயைத் திறந்தது. உள்ளே துணி சுற்றிய ரப்பர் வயர்கள், கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று. விரல் பட்டதும் மேலிருந்த ரப்பர் நமுத்துப்போன பழைய முறுக்கு மாதிரிப் பொடிந்து கொட்டியது. உள்ளேயிருந்த செம்பு மட்டும் நேற்று வாங்கியதுபோல் மின்னியது.

நான் வேலையைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாங்கள் தலை வைத்துப் படுத்த இடத்துக்கு ஒரு சாண் மேலே, ஆளையே கொல்லக்கூடிய ஒன்று இத்தனை வருஷமாகச் சத்தமே இல்லாமல் போய்வந்துகொண்டிருந்திருக்கிறது. நான் அந்த வெளிச்சத்தில்தான் பரீட்சைக்குப் படித்தேன். அப்பாவை அந்த வெளிச்சத்தில்தான் கிடத்தியிருந்தோம். மேலே போர்த்தியிருந்த ரப்பர் எப்போதோ செத்துவிட்டது. ஆனாலும் அது எங்களை ஒன்றும் செய்யவில்லை. பயப்படுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் பழைய வயர்களை உருவினார், புதிய வயர் இழுத்தார், தரையில் குழி தோண்டி எர்த்து போட்டார். ஒரே ஒரு இடத்தை மட்டும் அவரைத் தொடவிடவில்லை. அது அம்மாவின் உத்தரவு. எதை வேண்டுமானாலும் மாற்று, ஆண்டவர் விளக்கில் மட்டும் கை வைக்காதே என்று ஆஸ்பத்திரியிலிருந்தே சொல்லி அனுப்பியிருந்தாள்.

அறையின் கிழக்குச் சுவரில் திரு இருதய ஆண்டவர் படம் மாட்டியிருக்கும். அதன் கீழே ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு. அதற்குச் சுவிட்ச் கிடையாது, பகலும் இரவும் எரியும். பல்பு ஃபியூஸானால் உடனே வேறு வாங்கி மாட்டுவோம். எங்கள் கோயிலைச் சேர்ந்த வீடுகள் பலவற்றில் இப்படி ஒன்று எரியும்தான். ஆனால் எங்கள் பல்பு சாதாரணப் பல்பு அல்ல, புதுமை, அதாவது அற்புதம், செய்கிற பல்பு என்பது அம்மாவின் கட்சி. வீட்டில் ஃபியூஸ் போகும்போதெல்லாம் ஃபேன் நிற்கும், டியூப்லைட் அணையும், டி.வி. செத்துவிடும். அந்தச் சிவப்புப் பல்பு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு முட்டி போட்டுவிடுவாள்.

தெரு முழுக்கக் கரண்டு போனால் பல்பும் அணையும். அதைக் காட்டி நான் வம்பிழுப்பேன். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. "ஊருக்கே இருட்டுன்னா அவரும் நம்மகூட இருட்டுல இருப்பாரு. நமக்கு மட்டும் இருட்டுன்னா தனியா விட்டுற மாட்டாரு." இப்படிச் சொல்கிறவளிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா? வயர் கோளாறு என்பேன் நான். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார்.

எல்லா வேலையும் முடிந்து ட்ரிப் சுவிட்சைப் பொருத்தினார் வயர்மேன். கையகல வெள்ளைப் பெட்டி, நடுவில் ஒரு சின்னக் கட்டை. அதை மேலே தள்ளினார். டப் என்று கீழே விழுந்தது. திரும்பத் தள்ளினார், திரும்ப விழுந்தது. வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுத் தள்ளினார். விழுந்தது. இதைப் போடாமல் மெஷின்காரன் வர மாட்டான், மெஷின் வராமல் அம்மா வர முடியாது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்து அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

"இது டிக்கெட் செக்கர் மாதிரிக்கா. எவ்ளோ கரண்டு வெளிய போச்சு, எவ்ளோ திரும்பி வந்துச்சுன்னு பாத்துட்டே இருக்கும். போனது அப்படியே திரும்பி வரணும். கொறஞ்சா எங்கயோ லீக்கு, யாருக்கோ ஷாக்கு. ஃபட்டாக்னு கட் பண்ணிடும்."

"அப்ப நம்ம வீட்டுல எங்க லீக்கு?"

"அதான் தேடறேன்."

அவர் வீட்டுக்குள் கரண்டைக் கொண்டுபோகும் வயரையே கழற்றி வெளியே தொங்கவிட்டார். இப்போது மீட்டரிலிருந்து ஒரு துளி கரண்டுகூட உள்ளே போக வழி இல்லை. திரும்பி வரும் வயர் மட்டும் பெட்டியில் இருந்தது. கட்டையைத் தள்ளினார். டப்.

அவர் பேச்சிலிருந்த தெனாவட்டு அங்கேதான் போனது. "லீக்கு இல்லக்கா. இப்ப நாம ஒண்ணுமே அனுப்பல. ஆனா திரும்பி வருது."

"அனுப்பாம எப்படித் திரும்பி வரும்?"

"எனக்கும் மாலும் இல்லக்கா, தெரியல."

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு பெட்டியைத் தவிர்த்துவிட்டு, திரும்பி வரும் வயரை மட்டும் மீட்டரோடு நேராகச் சேர்த்தார். மற்ற வயர் அப்படியே காற்றில் தொங்கியது. ஃபேன் அசையவில்லை, ஃபிரிட்ஜ் மூச்சுவிடவில்லை. ஆண்டவர் படத்துக்குக் கீழே சிவப்புப் பல்பு மெல்லக் கண் விழித்தது.

சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சிதான். ஆனால் இந்த முறை வீட்டுக்குள் கரண்டு வர வழியே இல்லை என்பதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். வயர் கோளாறு என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். வயர்மேன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார்.

"ஆண்டவரே, தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லிப் படத்தை நான்தான் இறக்கினேன். பின்னால் சுவரில் எலி வளை அளவு ஓர் ஓட்டை. பல்பிலிருந்து போன வயர்களில் ஒன்று எங்கள் பக்கத்து வயரோடு முடிச்சுப் போட்டிருந்தது. மற்றது அந்த ஓட்டைக்குள் நுழைந்து பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது.

"அங்கேருந்து வருது, இங்க வழியா திரும்பிப் போவுது. அதான் நீங்க அனுப்பாததெல்லாம் ஒங்களுக்கு வருது" என்றார் வயர்மேன். அந்த வயரை வெட்டி எடுத்தாக வேண்டும். ஆனால் சுவர் ஈரம், ரப்பர் பொடி, உள்ளே கரண்டு ஓடுகிறது. பக்கத்து வீட்டு மெயினை அணைக்காமல் தொட மாட்டேன் என்றார்.

பக்கத்து வீட்டில் இருப்பவரை நான் சாச்சா என்று கூப்பிடுவேன். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். ஒரே சுவரின் அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். அம்மா அவருக்கு மைனி, அதாவது அண்ணி முறை. நான் போய் விஷயத்தைச் சொல்லி மெயினை அணைக்கச் சொன்னேன். ஆச்சரியப்படுவார் என்று பார்த்தேன். அவர் மடியிலிருந்த தோல் துண்டை மெதுவாக மடித்து வைத்தார்.

"கண்டுபிடிச்சிட்டியளா" என்றார்.

அவர் மனைவி, எனக்குச் சாச்சி, அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். சாச்சா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒங்க அப்பா இந்த வீட்டுக்கு வந்தப்ப மீட்டர் வரல. எங்க வாப்பா ஒரே ஒரு பல்புக்கு வயர் குடுத்தாரு. மைனி அந்தப் பல்பக் கொண்டுபோயி படத்துக்குக் கீழ மாட்டுனாவ. பொறவு ஒங்களுக்கு மீட்டர் வந்துட்டு. ரெண்டு வயருல ஒண்ண ஒங்க பக்கம் மாத்தியாச்சு. மத்ததையும் மாத்தணும்னு ஒங்க அப்பா நெனச்சிட்டு இருக்கும்போதே ஒரு நாள் ஒங்க வீட்டுல ஃபியூசு போச்சு. இது மட்டும் எரிஞ்சிச்சு. மைனி தெருவையே கூட்டிக் காட்டிட்டாவ. ஒங்க அப்பா வாப்பாட்ட ஓடி வந்து, இப்ப அவகிட்ட ஆரு சொல்லுததுன்னு கேட்டாரு. வாப்பா சிரிச்சாரு. எரியுத வெளக்க எதுக்குவே அணைக்கணும், கெடக்கட்டும்னு சொல்லிட்டாரு."

அப்பா ஏன் பேப்பரைத் தூக்கிப் பிடித்தார் என்பது அப்போது விளங்கியது. சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

சாச்சா எழுந்து மெயின் பக்கம் போனார். பழைய இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் ஒரு பிடி. பிடியில் கை வைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டார்.

"மைனிட்ட ஒரு வார்த்த கேட்டுரு. அவிய வெளக்கு இது."

என் கோப வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது. "அங்க அம்மா மூச்சுக்குத் தவிக்கா. ஒரு ஜீரோ வாட் பல்ப அணைக்க அவகிட்ட உத்தரவு கேக்கணுமா சாச்சா?"

"கேட்டுரும்மா" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை, இடத்தை விட்டு அசையவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் பக்கத்தில் தம்பி இருந்தான். அவனுக்குப் போன் போட்டு அம்மா காதில் வைக்கச் சொன்னேன். சாச்சாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். எப்படிச் சொன்னாலும் உடைகிற விஷயத்தை மெதுவாகச் சொல்லி என்ன பயன்? உன் பல்பு பக்கத்து வீட்டுக் கரண்டில்தான் எரிந்திருக்கிறது, அதை அணைத்தால்தான் நீ வீட்டுக்கு வர முடியும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அந்தப் பக்கம் குழாயில் காற்று சீறும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மாவின் வாழ்நாள் நம்பிக்கையைப் போனில் பிடுங்கிவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் அவள் குரல் வந்தது.

"ஏட்டி, அவிய மே மாசம் ஊருக்குப் போவாவல்லா."

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"அப்பவும் எரிஞ்சிச்சேட்டி."

எனக்கு உடனே புரியவில்லை. சாச்சி அடுக்களை வாசலில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

எங்கள் தெருவில் ஊருக்குப் போகிறவர் யாரானாலும் கடைசியாகச் செய்வது இரண்டு காரியம். கேஸை மூடுவது, மெயினை அணைப்பது. ரயில் கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டிய பிறகும், மெயினை அணைத்தாயா இல்லையா என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டு போவார்கள். பூட்டிய வீட்டில் கரண்டை விட்டுவிட்டுப் போவதைவிடப் பெரிய முட்டாள்தனம் இங்கே கிடையாது. ஒரு பொறி போதும், வரிசை முழுக்க எரிந்துபோகும். சாச்சா குடும்பம் ஒவ்வொரு கோடையும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு மாதம் ஊருக்குப் போகும். அந்த ஒவ்வொரு கோடையிலும் எங்கள் பல்பு எரிந்தது. பைகளை வெளியே வைத்து, கேஸை மூடி, பிள்ளைகளைக் கணக்குப் பார்த்து, கடைசியில் இந்த இரும்புப் பிடிக்கு முன்னால் வந்து நின்று, அதைத் தொடாமல் கதவைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவருடைய வாப்பா அப்படிப் போயிருக்கிறார். அவருக்குப் பிறகு இவரும் போயிருக்கிறார். தாங்கள் கும்பிடாத ஒரு படத்துக்காக, அதைக் கும்பிடும் ஒரு பொம்பளையின் மனசுக்காக.

"பயமா இருக்காதா சாச்சி?" என்று கேட்டேன்.

"இருக்காம? ஊருல இருக்க நாளு பூரா வயித்துல நெருப்புதான். பிஸ்மி சொல்லிப் பூட்டிட்டுப் போவோம்."

நான் சாச்சாவைப் பார்த்தேன். என்னோடு ரேஷன் கடை வரிசையிலும் தண்ணீர்க் குழாயிலும் நின்ற மனிதர். இவரைப் போய் இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன். சுவருக்கு உள்ளே கரண்டு ஓடுவதாவது டெஸ்டர் வைத்தால் தெரிகிறது. அவர் முகத்தை நேராகப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது, கோயிலில் சில நேரம் தலை தானாகக் குனியுமே, அதுபோல.

போனில் அம்மா மூச்சு சேர்த்துக்கொண்டு பேசினாள். "தம்பி, அணைச்சிருங்க. நான் வந்து பத்தவச்சுக்கிடுதேன்."

"சரி மைனி" என்றார் சாச்சா. பிஸ்மி சொல்லிப் பிடியை இறக்கினார். துருப்பிடித்த பிடி ஒரு முரட்டுச் சத்தத்தோடு இறங்கியது. நான் ஓடிப்போய் எங்கள் வீட்டில் பார்த்தேன். பல்பு அணைந்திருந்தது.

அதன் பிறகு எல்லாம் சுலபம். வயர்மேன் பழைய வயரை உருவி எடுத்தார். ஆண்டவர் பல்புக்கு எங்கள் லைனிலேயே இணைப்புக் கொடுத்து முதல் முறையாக ஒரு சுவிட்சும் வைத்தார். ட்ரிப் சுவிட்சை மேலே தள்ளினார். விழவில்லை. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போதும் விழவில்லை. "பாத்தீங்களாக்கா, நான் சொன்னேன்ல" என்றார், எதைச் சொன்னாரோ தெரியாது.

சுவர் ஓட்டையை அடைக்க அவர் சிமென்ட் குழைத்தபோது சாச்சி டீயோடு வந்தார். டம்ளரை நீட்டியபடியே, "அத அடைக்காதிய" என்றார். "ஒங்க கரண்டு போச்சுன்னா மெஷினு என்ன செய்யும்? எங்க பக்கத்துலேந்து ஒரு லைனு கெடக்கட்டும்." நான் வேண்டாம் என்றேன். பட்ட பாடு போதாதா என்று நினைத்தேன். ஆனால் வயர்மேன் துள்ளிக் குதித்தார். இந்த முறை போகிற வயர், வருகிற வயர், எர்த்து எல்லாமே அவர்கள் பக்கத்திலிருந்தே வரும்படி இழுத்து, அவர்கள் பக்கத்திலும் ஒரு ட்ரிப் சுவிட்ச் வைத்து, அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பிளக் பாயிண்ட் கொடுத்தார். எங்களுடையது வெள்ளை, அவர்களுடையது சிவப்பு. இரண்டும் அம்மாவின் கைக்கு எட்டும் உயரம்.

மெஷின்காரன் வந்தான். மூன்று விளக்குப் பிளக்கைச் செருகிப் பார்த்துத் தலையாட்டினான். அடுத்த நாள் ஆம்புலன்ஸ் சிலிண்டர் கூட வர, அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு சந்துக்குள் வந்தோம். கட்டிலில் உட்கார்ந்ததும் அவள் மெஷினைப் பார்க்கவில்லை. புதுச் சுவிட்சைத் தேடித் தட்டினாள். பல்பு எரிந்தது. அதன் பிறகுதான் மூக்கில் மெஷின் குழாயை மாட்டவிட்டாள். சாச்சா வந்து பிளக்கைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மெஷின் போட்ட சத்தத்தில் காதில் விழவில்லை.

மே மாதம் வந்தது. சாச்சா வீட்டில் ஊரில் ஒரு கல்யாணம். சொல்லிவிட்டுப் போகச் சாச்சி வந்தபோது அம்மா கண்டிப்பாகச் சொன்னாள். "இந்தத் தடவயாவது மெயின அணைச்சிட்டு நிம்மதியாப் போயிட்டு வாங்க. எங்க வெளக்குதான் எங்க கரண்டுல எரியுதே."

"சரிக்கா" என்றார் சாச்சி. கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது, பைகளை இழுத்துக்கொண்டு போகும் சத்தமும் கேட்டது. அணைத்துவிட்டுத்தான் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பி வந்து சந்து முனையைத் தொட்டபோதே கருகிய நாற்றம் வந்தது. எங்கள் மீட்டருக்குக் கீழே ஃபியூஸ் கட்டை எரிந்து கரியாகியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஃபேன் நின்றிருந்தது. ஃபிரிட்ஜ் ஓடவில்லை. ஆண்டவர் பல்பும் அணைந்திருந்தது. அம்மா தனியாக இருக்கிறாள். எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறதோ என்று நினைத்ததும் பை கையிலிருந்து நழுவியது.

பிறகுதான் காதில் விழுந்தது. புஸ், புஸ் என்று மெஷின் ஓடும் சத்தம்.

அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாய் இருந்தது, நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கியது. வெள்ளைப் பாயிண்டிலிருந்து பிளக்கைப் பிடுங்கிச் சிவப்பில் அவளே செருகியிருந்தாள். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவள் உள்ளங்கை சாச்சா வீட்டுப் பக்கச் சுவரில் இருந்தது.

"அணைக்காமத்தான் போயிருக்காவ" என்றாள்.

நான் வெளியே வந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு ஜன்னல் மூடியிருந்தது. கதவில் பூட்டுத் தொங்கியது, உள்ளே ஒருவரும் இல்லை. அந்த வீட்டிலிருந்துதான் என் அம்மாவுக்கு மூச்சு வந்துகொண்டிருந்தது.